பிடுங்கியவர்கள் சொல் தவறவில்லை: கொலம்பியாவின் கோக்கா மாற்றுப்பயிர்த் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கொக்கெயின் போதைப்பொருளுக்கு மூலமான கோக்காவை விட்டு விவசாயிகளை வேறு பயிருக்கு மாற்றக் கொலம்பியா 2017-இல் தொடங்கிய மாற்றுப்பயிர்த் திட்டத்தை எடைபோட உட்காரும் எவருக்கும் முதலில் இரண்டு கணக்குகள் கைக்கு வரும். இரண்டையும் எடுத்தது ஒரே நிறுவனம், போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்புக்கான ஐ.நா. அலுவலகம். முதல் கணக்கின்படி, கோக்காவைப் பிடுங்கிவிடுகிறோம் என்று கையெழுத்திட்டவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் சொன்னபடி பிடுங்கிவிட்டார்கள். அந்த நிலங்களில் மறுநடவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டாவது கணக்கு நாடு முழுவதற்குமானது. 2017-இல் கோக்கா பரப்பு 1,71,000 ஹெக்டேர். 2020-இல் அது 1,43,000 ஆக இறங்கியது. 2023-இல் 2,53,000-ஐ எட்டியது.

முதல் கணக்கைப் பார்த்தால் விவசாயிகள் மிக நேர்மையாக நடந்துகொண்ட திட்டம் இது. இரண்டாவதைப் பார்த்தால் முழுத் தோல்வி. திட்டத்தை ஆதரிப்பவர்கள் முதலாவதை மட்டும் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்டால்தான் இந்தத் திட்டத்திலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

வாசலுக்கு வரும் சந்தை

கோக்கா ஒரு புதர்ச்செடி. சாக்லேட்டுக்கான கொக்கோ வேறு மரம்; அதுவும் இந்தக் கதையில் பின்னால் வரும். நட்ட ஓராண்டுக்குள் கோக்காவில் இலை பறிக்கலாம். அதன்பின் ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு பறிப்பு, பல ஆண்டுகளுக்கு. சரிவிலும் வளரும், சத்தில்லாத காட்டு மண்ணிலும் வளரும். ஆனால் இவை எல்லாம் அதன் உண்மையான பலம் அல்ல. பலம் எடையில் இருக்கிறது. ஒரு டன் பச்சை இலையை நறுக்கி, சிமென்ட் தூவி, பெட்ரோலில் ஊறவைத்து, அமிலம் சேர்த்தால் கடைசியில் கிடைப்பது சுமார் ஒன்றரைக் கிலோ கோக்கா பசை. அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து போய்விடலாம். ஒரு டன் வாழைக்காயை அதே சேற்றுப் பாதையில் கோவேறு கழுதைகளில் ஏற்றி, ஆற்றங்கரையில் படகுக்கு மாற்றி, நகரச் சந்தையில் இறக்கினால், விற்ற பணம் சுமைகூலிக்கே போதாத ஊர்கள் தெற்கு மாநிலங்களான புட்டுமாயோவிலும் கக்கெத்தாவிலும் நிறைய உண்டு.

பசைக்கு அந்தப் பயணமும்கூட வேண்டியதில்லை. வாங்குபவர் ஊருக்கே வருவார், ரொக்கமாகத் தருவார், தேவைப்பட்டால் அடுத்த பறிப்புக்கு முன்பணமும் தருவார். கோக்கா வைத்திருப்பவருக்குக் கடைக்காரர் கடன் கொடுப்பார். உள்ளொடுங்கிய சில பகுதிகளில் பணத்தாள் தட்டுப்பட்ட காலங்களில், கடையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பசையையே எடை போட்டுக் கொடுத்தார்கள். விதைக் கடன், கொள்முதல் நிலையம், போக்குவரத்து, விலை உறுதி என்று அரசு எந்தப் பயிருக்கும் செய்து தராத அத்தனையையும் சட்டவிரோத வணிகம் ஒரே ஒரு பயிருக்குச் செய்து கொடுத்தது.

இதற்காக அந்த விவசாயிகள் செல்வந்தர்கள் ஆகிவிடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தலைநகர் பொகோத்தாவின் நடுத்தர வர்க்கத்திலும் வெளிநாடுகளிலும் அப்படி ஓர் எண்ணம் ஆழமாக இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. இலை விற்ற பணம் பறிப்பாளர் கூலிக்கும் உரத்துக்கும் பெட்ரோலுக்கும், அந்தப் பகுதியை ஆளும் ஆயுதக் குழுவின் வரிக்கும் போய்விடும். மீதம் இருப்பது சின்னத் தொகைதான். ஆனால் அது ஆண்டு முழுவதும் தவறாமல் வரும்.

புட்டுமாயோவின் நினைவு

2017-இல் அதிகாரிகள் ஒப்பந்தத் தாளோடு தென்கோடியிலுள்ள புட்டுமாயோவுக்குப் போனபோது, அங்கே யாரும் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1996-இல் புட்டுமாயோ, கக்கெத்தா, குவாவியாரே மூன்றிலும் கோக்கா விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு பேரணி நடத்தினார்கள். சாலை, கடன், பள்ளி, விமானத்திலிருந்து நஞ்சு தெளிப்பதை நிறுத்துவது ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். அப்போதும் அரசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.

அடுத்து, 2000-இல், அமெரிக்க நிதியோடு 'பிளான் கொலம்பியா' வந்தது. அதன் பகுதியாகப் புட்டுமாயோவில் சுமார் 37,000 குடும்பங்கள், ஓராண்டுக்குள் கோக்காவைத் தாங்களே பிடுங்கிவிடுவதாக அரசோடு ஒப்பந்தம் செய்தன. பதிலுக்கு விதை, கால்நடை, கருவிகள் என்று பொருளாக உதவி வரும் என்றார்கள். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக்கொண்டிருந்த அதே மாதங்களில், 2000 டிசம்பரில், புட்டுமாயோவின் குவாமுயெஸ் பள்ளத்தாக்கில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கும் விமானங்கள் பறந்தன. மேலிருந்து பார்க்கிற விமானிக்குக் கோக்கா எது, அதனருகே ஊன்றிய மரவள்ளி எது என்று தெரியாது. உதவி வருமுன் நஞ்சு வந்தது. வாக்குறுதி அளித்த பொருள்கள் பல குடும்பங்களுக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் போய்ச் சேர்ந்தன. புவெர்த்தோ அசிஸில் பனங்குருத்தைப் பதப்படுத்தும் ஆலை ஒன்று எழுந்தது. அதற்குப் போதிய சரக்கும் சந்தையும் கிடைக்காமல் தடுமாறியது.

1994 முதல் 2015 வரை கொலம்பியாவில் 17 இலட்சம் ஹெக்டேருக்கும் மேல் வானிலிருந்து கிளைஃபோசேட் தெளிக்கப்பட்டது. எல்லை தாண்டி வந்த நஞ்சு குறித்து எக்வடோர் 2008-இல் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போக, 2013-இல் 1.5 கோடி டாலர் கொடுத்துக் கொலம்பியா அந்த வழக்கை முடித்துக்கொண்டது. 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைஃபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தபின்தான் தெளிப்பு நின்றது.

ஆக, புதிய திட்டம் வெறும் வயலில் இறங்கவில்லை. பெரியவர்களுக்கு இரண்டு முறை ஏமாந்த நினைவு இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் கையெழுத்திட்டார்கள் என்பதுதான் வியப்பு. இந்த முறை எழுத்தில் இருந்தது சமாதான ஒப்பந்தம்.

ஹவானாவில் எழுதியது

அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் ஹவானாவில் நான்கு ஆண்டுகள் பேசி முடித்து, பொதுவாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்று, திருத்தி, 2016 நவம்பர் 24 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஆறு பிரிவுகள் உண்டு. நான்காவது பிரிவு போதைப்பொருள் பற்றியது. அது முதல் பிரிவான ஊரகச் சீர்திருத்தத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. சாலை, நிலப்பட்டா, பாசனம், கொள்முதல் ஆகியவை ஒரு பக்கம் வரும். அவற்றின் மேல் மாற்றுப்பயிர் நிற்கும். எழுதியவர்களுக்குக் கோக்கா ஏன் நிலைக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. தாளில் குறை சொல்ல அதிகம் இல்லை.

2017 மே 29-ஆம் தேதி 896-ஆம் எண் ஆணை திட்டத்தை உருவாக்கியது. சட்டவிரோதப் பயிர்களுக்கு மாற்று காணும் தேசிய ஒருங்கிணைந்த திட்டம் என்பது அதன் நீண்ட பெயர், சுருக்கம் பி.என்.ஐ.எஸ். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 3.6 கோடி பெசோ, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12,000 டாலர். முதல் ஆண்டில் உணவுச் செலவுக்காக மாதம் 10 இலட்சம் வீதம் 1.2 கோடி. வீட்டுத்தோட்டத்துக்கு 18 இலட்சம். விரைவில் பலன் தரும் தொழிலுக்கு 90 இலட்சம். இரண்டாம் ஆண்டில் நீண்டகாலப் பயிருக்கு ஒரு கோடி. வேளாண் ஆலோசனைக்கு 32 இலட்சம்.

ஒரு விஷயத்தில் இந்தத் திட்டம் முந்தையவற்றைவிட முன்னேறியிருந்தது. இலை பறிக்கும் கூலியாட்களை, அதாவது கொலம்பியாவில் 'ரஸ்பாச்சின்' என்று அழைக்கப்படுகிறவர்களை, அது கணக்கில் எடுத்தது. சொந்த நிலம் இல்லாமல் பறிப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போகிற இளைஞர்கள், பெண்கள், சில இடங்களில் முழுக் குடும்பங்கள். கோக்காவைப் பிடுங்கினால் நிலக்காரருக்கு நிலமாவது மிஞ்சும். இவர்களுக்கு எதுவும் இல்லை. பாதை சீரமைப்பு, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு போன்ற ஊர்ப் பொதுவேலைக்காக இவர்களுக்கு ஓராண்டு மாதச் சம்பளம் என்று ஏற்பாடானது.

14 மாநிலங்களில் 56 நகராட்சிகளில் 99,097 குடும்பங்கள் சேர்ந்தன. அவற்றில் சுமார் 67,600 கோக்கா பயிரிட்டவை, 14,700 கோக்கா பகுதியில் வாழ்ந்தும் பயிரிடாதவை, 16,800 பறிப்பாளர்கள். ஐந்தில் ஒரு பங்கு புட்டுமாயோவில் மட்டும். கூட்டு ஒப்பந்தங்களில் 1,80,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விருப்பம் தெரிவித்திருந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதிக்கு முறையான சேர்க்கை கிடைக்கவேயில்லை.

இங்கேயே முதல் புதிரின் பாதி அவிழ்கிறது. சேர்ந்த குடும்பங்கள் பிடுங்கியது 40,000 ஹெக்டேருக்கும் சற்று அதிகம். 2017-இல் நாட்டில் இருந்தது 1,71,000. எல்லோரும் கடைசிவரை வாக்கைக் காப்பாற்றினாலும், நாட்டின் கோக்காவில் முக்கால் பங்கு திட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றது. வெளியே நின்றவர்கள் உள்ளே போனவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவணை முந்தியது, வாழ்வாதாரம் பிந்தியது

நடைமுறையில் வரிசை இப்படி அமைந்தது: கையெழுத்து, முதல் தவணைப் பணம், அடுத்த 60 நாளுக்குள் பிடுங்கல், ஐ.நா. குழு நேரில் வந்து சரிபார்ப்பு. பிறகு மற்ற தவணைகள். பிடுங்குதல் வேகமாக நடந்தது, ஏனென்றால் அதற்குத் தேவை மண்வெட்டியும் ஆள்பலமும் மட்டுமே. வடக்கே அந்தியோக்கியாவில் ப்ரிசெனியோ என்ற மலை நகராட்சியை முன்னோடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் எல் ஒரெஹோன் சிற்றூரில் 2015-இலேயே அரசுப் படையும் கெரில்லாக்களும் சேர்ந்து கண்ணிவெடி அகற்றியிருந்தார்கள். நம்பிக்கைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே மக்கள் கோக்காவை வேரோடு பிடுங்கிப் போட்ட படங்கள் நாளிதழ்களில் வந்தன.

மாதத் தவணைகள் பெரும்பாலோருக்கு வந்தன, தடங்கலோடு. ஓராண்டில் முடிய வேண்டியது பலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் இழுத்தது. ஆனால் தொழிலுக்கான பணம் வரவில்லை. 2020 இறுதியில், கோக்காவைப் பிடுங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், பத்தில் ஒரு குடும்பத்துக்குக்கூட அந்தத் தொழில் திட்டம் தொடங்கவில்லை.

பயிர்களின் கால அட்டவணையைத் திட்டத்தின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாமதம் இல்லாமல் நடந்திருந்தாலும் இடித்திருக்கும். கொக்கோ காய்க்க மூன்று ஆண்டு. காப்பிக்கு இரண்டு முதல் மூன்று. மிளகுக்கும் அதே அளவு. ரப்பருக்கு ஆறு, ஏழு ஆண்டு. உணவுச் செலவுப் பணமோ 12 மாதம். தவணை முடிவதற்கும் முதல் அறுவடைக்கும் நடுவே உள்ள ஆண்டுகளில் குடும்பம் எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு விடையாகத்தான் வீட்டுத்தோட்டமும் விரைபலன் தொழிலும் வைக்கப்பட்டன. அவைதான் வராமல் போனவை. ஒரு விவசாயியிடம் இந்த அட்டவணையைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் குறையைச் சொல்லியிருப்பார். காட்டியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

வந்தவையும் வந்த விதம் சரியில்லை. பணம் கையில் வராமல், இடைநிலை நிறுவனங்கள் வழியாகப் பொருளாக வந்தது. விவசாயி ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலுள்ள கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வேலிக்கம்பி தொலைவிலிருந்து கூடுதல் விலைக்கு வந்தது என்றும், நாற்றுகள் வாடி வந்தன, கோழிகள் நோயோடு வந்தன என்றும் பல பகுதிகளிலிருந்து முறையீடுகள் எழுந்தன. பல இடங்களில் வேளாண் ஆலோசகரின் ஒப்பந்தம் முடிந்த பிறகே செடிகள் வந்தன. ஆலோசகர் இருந்தபோது ஆலோசனை சொல்ல வயலில் எதுவும் இல்லை.

2018 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்த கட்சியிலிருந்து வந்த இவான் டூகே, ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குத் திட்டம் தொடரும், புதிய சேர்க்கை இல்லை என்றார். அவருடைய அரசின் மனமெல்லாம் கட்டாய அழிப்பில் இருந்தது. 2020-இல் மட்டும் 1,30,000 ஹெக்டேரைக் கைகளால் அழித்ததாக அரசு அறிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், கிராமங்களுக்கு மருந்து போய்ச் சேராத நாட்களிலும் அழிப்புக் குழுக்கள் போய்ச் சேர்ந்தன. தன்விருப்ப நிலங்களில் மறுநடவு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே. கட்டாயமாக அழித்த நிலங்களில் அது பல மடங்கு. அடுத்த ஆண்டே நாட்டின் பரப்பு 2,04,000 ஹெக்டேருக்குத் தாவியது.

எல்லாப் பழியையும் டூகே மீது போடுவது எளிது. அவருடைய எதிரிகள் அதைத்தான் செய்கிறார்கள். முழு உண்மை அதுவல்ல. பணம் ஒதுக்காமல் ஒரு இலட்சம் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டது அவருக்கு முந்தைய சாந்தோஸ் அரசு. முதல் ஆண்டில் 50,000 ஹெக்டேர் தன்விருப்பம், 50,000 கட்டாயம் என்று இரட்டை இலக்கு வைத்ததும் அந்த அரசுதான்.

அரசின் இரண்டு கைகள்

அந்த இரட்டை இலக்கின் விளைவு தூமாக்கோவில் தெரிந்தது. பசிபிக் கரையில், எக்வடோர் எல்லையை ஒட்டிய இந்த நகராட்சி அப்போது நாட்டிலேயே அதிகக் கோக்கா விளைந்த இடங்களில் ஒன்று. ஒரு கை ஒப்பந்தம் செய்யப் போன பகுதியில் மறு கை அழிப்புக் குழுவை அனுப்பியது. 2017 அக்டோபர் 5 அன்று எல் தந்தில் என்ற இடத்தில் அழிப்பைத் தடுக்கத் திரண்ட விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏழு பேர் இறந்தார்கள். திட்டம் பிறந்து அப்போது நான்கு மாதம்.

சட்டமும் அவர்களை விட்டுவிடவில்லை. 1986-ஆம் ஆண்டின் 30-ஆம் எண் சட்டப்படி இருபது செடிக்கு மேல் வைத்திருப்பது சிறைக்குரிய குற்றம். சிறு விவசாயிகளுக்கு இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கும் சட்டம் வரும் என்று சமாதான ஒப்பந்தம் சொன்னது. அதற்கான மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் அடுத்தடுத்து முடங்கின. ஆகவே திட்டத்தில் பெயர் கொடுத்தவர், தம் பெயர், நிலம், செடி எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அரசின் கோப்பில் பதிந்தவர் ஆனார். பாதுகாப்பு இல்லாத ஒப்புதல் அது.

ஃபார்க் விலகிய இடம் காலியாகவும் இருக்கவில்லை. ஒப்பந்தத்தை ஏற்காத பிரிவுகள், ஈ.எல்.என். கெரில்லாக்கள், கோல்ஃபோ கும்பல் என்று ஆயுதக் குழுக்கள் அந்த இடத்துக்குப் போட்டியிட்டன. கோக்காவைப் பிடுங்கச் சொல்லி ஊர்க்கூட்டம் கூட்டியவர் அவர்களுக்கு வருமானத்தைக் கெடுப்பவர். மாற்றுப்பயிர்த் திட்டத்தை முன்னின்று நடத்திய ஊர்த்தலைவர்கள் பலர், ஓரிருவர் அல்ல, பத்துகளில் எண்ண வேண்டிய அளவில், அடுத்த சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார்கள்.

நிலத்தின் சிக்கல் இதற்கெல்லாம் அடியில் கிடந்தது. கோக்கா பரப்பில் ஏறத்தாழ பாதி தேசியப் பூங்காக்கள், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட நிலங்கள், பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகங்களின் கூட்டு நிலங்கள் ஆகியவற்றில் இருக்கிறது. காப்புக்காட்டில் வேளாண் தொழிலுக்கு அரசே உதவி செய்வது சட்ட விரோதம். எனவே அங்குள்ள குடும்பங்களிடம் கோக்காவைப் பிடுங்கக் கையெழுத்து வாங்கினார்கள். பிடுங்கிய பிறகு இங்கே எதுவும் நட முடியாது என்றார்கள். வனத்துறை, வேளாண் துறை, திட்ட அலுவலகம் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து முன்கூட்டியே தீர்த்திருக்க வேண்டிய விஷயம்.

அறிவிப்பே விதைத்தது

திட்டம் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். 2013-இல் கொலம்பியாவின் கோக்கா பரப்பு 48,000 ஹெக்டேர், பல ஆண்டுகளில் மிகக் குறைவு. 2016-இல் 1,46,000. மூன்றே ஆண்டில் மும்மடங்கு. வானிலிருந்து தெளிப்பது நின்றது ஒரு காரணம். பெசோவின் மதிப்பு சரிந்ததால் டாலரில் விற்கும் சரக்கின் உள்நாட்டு விலை ஏறியது இன்னொன்று. மூன்றாவது காரணம் சங்கடமானது. கோக்கா பயிரிடும் குடும்பங்களுக்கு உதவி கிடைக்கும் என்று 2014 மே மாதமே ஹவானாவிலிருந்து செய்தி வந்துவிட்டது. யாருக்கு, எந்தத் தேதிக்கு முன் நட்டவருக்கு என்று வரையறை வரவில்லை. கோக்காவுக்கு ஏற்ற மண்ணும் தட்பவெப்பமும் உள்ள நகராட்சிகளில் அந்த அறிவிப்புக்குப் பிறகு நடவு கூடியதைப் பொருளியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் விவசாயிகள் பேராசைக்காரர்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பயிர்க்கடன் தள்ளுபடி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் தவணை கட்டுவதை நிறுத்திவைக்கும் நம் ஊர்க்காரரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அறிவிப்பையும் வரையறையையும் ஒரே நாளில் வெளியிடாதது அரசின் பிழை.

சந்தை தானே விழுந்தபோது

2022 நடுவிலிருந்து எதிர்பாராத ஒன்று நடந்தது. கதாதும்போ, கௌக்கா, நரினியோ, புட்டுமாயோ என்று பல பகுதிகளில் கோக்கா பசையை வாங்க யாரும் வரவில்லை. மிதமிஞ்சிய உற்பத்தி, கடத்தல் வழிகளின் மாற்றம், ஆயுதக் குழுக்களின் சண்டை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பசை வீட்டில் மூட்டையாகத் தேங்கியது. பறிப்பாளர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். கடைகள் மூடின. கோக்கா ஊர்களில் பசி என்று செய்திகள் வந்தன.

மாற்றுப்பயிருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. விலை விழுந்த நேரத்தில், கோக்காவை விடத் தயாராக இருந்த விவசாயியிடம், வேறு ஒரு பொருளைத் தேடி ஒரு லாரி வந்திருந்தால் போதும். வந்த இடங்கள் சொற்பம். சில மாதங்கள் காத்திருந்துவிட்டு, பெரிய கொள்முதல் மையங்களுக்கு அருகே இருந்தவர்கள் மீண்டும் விற்கத் தொடங்கினார்கள். பரப்பு சுருங்கவில்லை. 2022-இல் 2,30,000, 2023-இல் 2,53,000. கொக்கெயின் உற்பத்தியோ 2023-இல் ஒரே ஆண்டில் 53 விழுக்காடு ஏறி 2,600 டன்னைத் தாண்டியது. இலாபம் குறைந்ததும் விவசாயி தானாக வேறு பயிருக்கு மாறிவிடுவார் என்ற பாடநூல் வாதம் அந்த இரண்டு ஆண்டுகளில் கண்ணெதிரே பொய்த்தது. மாறுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

சட்டப்பூர்வப் பயிர்களின் விலையும் நிலையாக நிற்பதில்லை. புட்டுமாயோவில் மிளகு நன்றாக வருகிறது. நாட்டின் மிளகுக்கு அதுவே தாயகம். ஆனால் 2015-க்குப் பிறகு வியட்நாமின் பெருவிளைச்சலால் உலக மிளகு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. இடுக்கியிலும் குடகிலும் உள்ளவர்களுக்கு அந்த ஆண்டுகள் மறந்திருக்காது. கொடி படர்ந்து காய்க்கும் நேரத்தில் விலை இல்லையென்றால், புட்டுமாயோ விவசாயிக்குப் பக்கத்திலேயே வேறொரு வழி தயாராக இருக்கிறது. இடுக்கிக்காரருக்கு அது இல்லை.

பெருவும் பொலிவியாவும்

இப்படிப்பட்ட திட்டங்கள் எங்குமே வெல்லவில்லை என்று சொல்லிவிட முடியாது. பெருவின் சான் மார்ட்டின் பகுதி 1980-களில் கோக்காவுக்கும் கெரில்லாப் போருக்கும் பேர்போனது. 2001-இல் அங்கே மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வறுமையில். 2010-இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஹுவான்ஹுயியில் ஐ.நா. உதவியோடு முளைத்த ஆக்கோபாக்ரோ கொக்கோ கூட்டுறவு ஐரோப்பாவுக்கு நேரடியாக ஏற்றுமதி செய்யுமளவு வளர்ந்தது. அங்கே நெடுஞ்சாலை இருந்தது, கெரில்லாக்கள் ஒடுக்கப்பட்டிருந்தார்கள், 1990-களின் நடுவில் கோக்கா விலை விழுந்த நேரத்தில் கூட்டுறவுகள் உருவாகிவிட்டிருந்தன. மூன்றும் ஒன்றாக வாய்த்தன. ஆனால் பெருவின் கோக்கா வேறொரு பள்ளத்தாக்குத் தொகுப்பான விராயெமுக்கு இடம்பெயர்ந்தது என்பதையும், சான் மார்ட்டினில் கொக்கோவுக்கும் எண்ணெய்ப் பனைக்கும் காடு வெட்டப்பட்டது என்பதையும் அந்த வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் அடக்கியே சொல்வார்கள்.

பொலிவியா முற்றிலும் வேறு வழியில் போனது. 2004-இல் சப்பாரே விவசாயிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டில், ஒரு குடும்பத்துக்கு ஒரு 'கத்தோ', அதாவது நாற்பதுக்கு நாற்பது மீட்டர், கோக்கா வைத்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது. எவோ மொராலெஸ் ஆட்சியில் அதைக் கண்காணிக்கும் பொறுப்பு விவசாயிகள் சங்கங்களுக்கே போனது. 2010-இல் 31,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2015-இல் 20,200 ஆகச் சுருங்கியது. பின்னர் மெல்ல மீண்டும் 30,000-ஐ ஒட்டி ஏறியது. இலையை மெல்வதும் தேநீராகக் குடிப்பதும் அங்கே சட்டப்பூர்வமான, பழமையான வழக்கம் என்பதால், இந்த வழியை அப்படியே கொலம்பியாவுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் ஒரே நாளில் முழுவதையும் பிடுங்கு என்று கேட்காமல், மாற்று வருமானம் வேரூன்றும்வரை சிறிதளவை விட்டுவைத்தது கவனிக்க வேண்டிய அம்சம். கொலம்பியத் திட்டத்தில் அந்த இடைவெளியே இல்லை. முதல் தவணை வந்து அறுபதாம் நாள் நிலம் வெறுமையாக இருக்க வேண்டும். முழுத் திட்டத்திலும் மாற்றியிருக்க வேண்டிய ஒரே விதியைச் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது

2022 ஆகஸ்டில் பதவியேற்ற குஸ்தாவோ பெட்ரோ, விவசாயியை விட்டுவிட்டுக் கடத்தல்காரரைத் துரத்துவோம் என்றார். கட்டாய அழிப்பு வெகுவாகக் குறைந்தது. 2023-ஆம் ஆண்டு தேசிய வளர்ச்சித் திட்டச் சட்டம், பி.என்.ஐ.எஸ். குடும்பங்கள் தங்களுக்குப் பாக்கியுள்ள தொழில் உதவியை மறுபேச்சு நடத்தி மாற்றிக்கொள்ள வழி திறந்தது. 2017-இல் ஒப்புக்கொண்ட பட்டியலுக்கு இன்றைய விலையில் பொருளே கிடைக்காது என்பதால் அது தேவையாக இருந்தது. புதிய ஒப்பந்தங்கள் தனிக் குடும்பத்தைவிட வட்டாரத்தையும், வயலைவிடப் பதப்படுத்தும் ஆலையையும் சாலையையும் முன்வைக்கின்றன. தாளில் இதுவும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கோக்காவின் பெரும் மையங்களில் ஒன்றான கதாதும்போவில் 2025 ஜனவரியில் ஆயுதக் குழுக்களுக்கிடையே வெடித்த சண்டையில் 50,000-க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. மாற்றுப்பயிர் பேச்சுக்கு அங்கே கூட்டம் போடவே ஆள் இல்லாத வாரங்கள் அவை.

தொழில் உதவி ஒருவழியாக வந்து சேர்ந்த குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்பது அதிகாரிகளுக்குச் சங்கடம் தந்தது. கொக்கோவும் காப்பியும் மிளகும் பட்டியலில் இருந்தபோதும், மிகப் பலர் கேட்டது மாடு. அமேசான் விளிம்பில் மேய்ச்சல் நிலம் என்றால் காடு அழிவது என்று பொருள்; சூழலியலாளர்கள் எச்சரித்தார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் புட்டுமாயோவிலும் குவாவியாரேயிலும் உள்ளே வாழ்கிற ஒருவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. அழுகாத சரக்கு, எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், பால் அன்றாடம் கிடைக்கும், அவசரத்துக்கு ஒரு கன்றை விற்றுக் காசாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலை போடாத ஊரிலிருந்து சந்தைக்குத் தன் காலாலேயே நடந்து போகிற ஒரே விளைபொருள் அது.